குறையை மறைக்காத மனிதர்

"பாவம் சார் அந்தப் பச்சைப் படகுக்காரர். விவாகரத்து ஆயிடுச்சு. பெண்டாட்டிக்குப் பாதி கொடுக்கணும்னுதான் படகையே விக்கறார்," என்றான் படகுத்துறைக் காவலாளி.

"என்ன பொம்பளையோ!" என்று நர்ஸம்மா வாசலிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

நர்ஸம்மாவுக்கும் அவசரம்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, கணவரின் மூக்குக் கண்ணாடிக் கடையையும் வீட்டையும் விற்றாயிற்று. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். மிச்ச காலத்தைப் பாய்மரப் படகிலேயே குடித்தனம் நடத்திக் கழிப்பது என்பது கணவரின் நெடுநாள் ஆசை. அலசி அலசிப் பார்த்ததில் கடைசியாகத் தேறியவை இரண்டே இரண்டு பழைய படகுகள். அதில் ஒன்றுதான் இனி வீடு.

முதல் வாரம் பார்த்தது வெள்ளைப் படகு. ஒல்லி உடம்பு, நல்ல வேகம்.

"காத்து லேசா தொட்டாப் போதும் சார், பறக்கும்," என்றார் தரகர்.

பறக்கும்தான். ஆனால் உள்ளே கூன் போட்டுக்கொண்டு நடக்க வேண்டும். கழிவறைக் கதவைச் சாத்தினால் முழங்காலில் இடித்தது. நர்ஸம்மாவின் முழங்கால் ஏற்கெனவே தகராறு பிடித்தது. தரகரின் சிரிப்பை நம்பாமல் ஒரு பரிசோதகரைக் கூட்டி வந்து, அடியிலிருந்து நுனி வரை தட்டிப் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை.

இன்று பார்க்க வந்த பச்சைப் படகு வேறு ரகம். அகன்ற வயிறு, ஆமை வேகம். ஆனால் உள்ளே நிமிர்ந்து நடக்கலாம். அடுப்புக்கு எதிரே இடுப்பை முட்டுக்கொடுத்து நின்றால் அலையடித்தாலும் சமைக்கலாம். ஐந்து பேர் கால் நீட்டிப் படுக்கலாம். நர்ஸம்மா கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள். முழங்கால் வாயைத் திறக்கவில்லை. ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்றுகூட மனசுக்குள் முடிவாகிவிட்டது.

"இதையே முடிச்சிடலாங்க," என்றாள் கணவரிடம்.

"அம்மா, ஒரு நிமிஷம்," என்றார் பச்சைப் படகுக்காரர். குனிந்து தரைப்பலகையைத் தூக்கினார். கீழே ஒரு சாண் தண்ணீர் நின்றது.

"மழைத் தண்ணியா இருக்கும்," என்றார் கணவர்.

"அப்படிச் சொல்லி உங்க தலையில கட்ட எனக்கு மனசு வரல சார்." விரலை நனைத்து நாக்கில் வைத்துக் காட்டினார். "உப்பு. நீங்களே பாருங்க."

கணவரும் தொட்டு வைத்துப் பார்த்தார். உப்பேதான்.

"கடல் உள்ள வருது சார். அடியில எங்கயோ விரிசல். பாய்மரத்தோட அடிக்கட்டையும் உளுத்துப் போச்சு. வயசானவங்க நீங்க. நடுக்கடல்ல கைவிட்டுச்சுன்னா அந்தப் பாவம் எனக்கு வேணாம்மா."

நர்ஸம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவள். மாத்திரையை விழுங்காமல் நாக்குக்கு அடியில் ஒளித்து வைக்கிற நோயாளியைக் கண்ணைப் பார்த்தே பிடித்துவிடுவாள். மனுஷர்களை எடை போடுவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவள் எண்ணம்.

"எதுக்கும் அந்தப் பரிசோதகரைக் கூப்பிட்டு இதையும் ஒரு தடவை பாத்துடலாமே?" என்று இழுத்தார் கணவர்.

நர்ஸம்மா முறைத்தாள். "விக்கிறவரே ஓட்டைன்னு சொல்றார். ஓட்டையைப் பாக்கறதுக்கு ஒரு ஆளா? இவரைப் போய்ச் சந்தேகப்பட்டா வாய் வெந்துடும்."

அரை மணி நேரத்தில் துறை அலுவலகத்தில் வெள்ளைப் படகுக்குக் கையெழுத்துப் போட்டு, முன்பணமும் கட்டிவிட்டார்கள். கையெழுத்துப் போடும்போதே அந்தக் கழிவறைக் கதவு ஞாபகத்துக்கு வந்தது. நர்ஸம்மா முழங்காலைத் தடவிக்கொண்டாள்.

வெளியே வந்தபோது, பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணைக் காவலாளி கண்ணால் காட்டினான். "அந்தம்மாதான் பச்சைப் படகுக்காரரோட சம்சாரம். மாசாமாசம் வந்து, 'வித்துடுச்சா'ன்னு கேட்டுட்டுப் போகும்."

"நமக்கெதுக்கு வம்பு?" என்று கணவர் கையைப் பிடித்தார். நர்ஸம்மா உதறிவிட்டு நேரே போய் நின்றாள்.

"ஏம்மா, தங்கமான மனுஷன் அவர். விக்கிற பொருளோட குறையை வாய்விட்டுச் சொல்றவங்க இந்தக் காலத்துல யார் இருக்கா? அவரை உதறிட்டுப் போனதுமில்லாம பாதியைக் கொடுன்னு பிடுங்கறியே, நியாயமா?"

அந்தப் பெண் கோபப்படவில்லை. "அப்ப நீங்களும் வாங்கலையா?" என்றாள். குரல் உள்ளே போய்விட்டது.

"எப்படிம்மா வாங்கறது? அடியில விரிசல்..."

"தண்ணியைத் தொட்டு நாக்குல வெச்சுக் காட்டினாரா?"

நர்ஸம்மா கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆள் வர்ற அன்னிக்குக் காலையில நாலு வாளி கடல் தண்ணியை மொண்டு அவரேதாம்மா உள்ள ஊத்துவார். அந்தப் படகுல விரிசலும் இல்ல, உளுத்ததும் இல்ல. ஒருத்தராவது பரிசோதகரைக் கூட்டிட்டு வருவாங்கன்னு பாக்கறேன். நீங்க கூட்டிட்டு வந்தீங்களா?"

நர்ஸம்மா கையிலிருந்த முன்பண ரசீதை மடித்துப் பைக்குள் திணித்தாள்.

"நீங்க ஒன்பதாவது ஆளுங்க. ஒன்பது பேருமே என்னைத்தான் திட்டிட்டுப் போறீங்க. நானும் என் பொண்ணும் அக்கா வீட்டுச் சமையல்கட்டுல படுத்துக்கறோம்."

"விக்க மனசில்லாதவர் எதுக்கும்மா விளம்பரம் கொடுக்கறார்?" என்று கேட்டார் கணவர்.

"வித்துத்தான் ஆகணும்னு கோர்ட்டு உத்தரவுங்க. விக்கிற வரைக்கும் அவர் அதுலயே குடியிருக்கலாம்னும் சொல்லிட்டாங்க," என்று எழுந்தாள் அந்தப் பெண். "அதனால, இன்னும் எத்தனை வருஷமானாலும் அவர் நேர்மையாத்தான் இருப்பார்."