இடது பக்கம் கனம்

"மறுபடியும் ஆடுதா?"

சைக்கிளோடு வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததுமே மெக்கானிக்குக்குக் கோபம் தலைக்கேறியது.

"பாலத்து இறக்கத்துல ஹேண்டில் அப்படி உதறுது. உயிர் கையில இல்லை," என்றார் தராசுக்காரர்.

இது மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை.

மெக்கானிக்குக்குக் கடைத்தெருவில் 'நேர்கோடு' என்று பெயர். அவர் கைபட்ட வண்டி, ஹேண்டிலை விட்டுவிட்டாலும் கோடு கிழித்த மாதிரி நேராகப் போகும். முப்பது வருஷமாகக் கட்டிக் காத்த பெயர். அதை இந்த மனுஷன் மூன்றே வாரத்தில் சந்தி சிரிக்க வைத்துவிட்டார்.

கடலைப் பார்க்க மூட்டை முடிச்சோடு கிளம்புவார். போக வேண்டியது முந்நூறு கிலோமீட்டர். எட்டாவது கிலோமீட்டரில் திரும்பி வந்துவிடுவார். கேட்கிறவர்களிடமெல்லாம், "என்ன பண்றது, வண்டி ஆடுது" என்பார். வண்டி ஆடினால் யார் தலை உருளும்?

"என்ன நேர்கோடு, வளைஞ்சு போச்சா?" எதிர்க்கடை டெய்லர் அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மெக்கானிக் அதைக் காதில் வாங்காதது போல் பைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"எத்தனை தடவை சார் சொல்றது? கனமான சாமான் கீழே இருக்கணும், சக்கரத்தை ஒட்டி இருக்கணும். எல்லாத்தையும் பின்னாடியே ஏத்தாம முன்னாடியும் கொஞ்சம் பிரிச்சுக் கட்டணும். ரெண்டு பக்கமும் சமம். நேத்து சாயங்காலம் நானே கட்டி, கையை விட்டு ஓட்டியும் காட்டினேனா இல்லையா?"

"காட்டினீங்க."

"ஊர்த் தராசையெல்லாம் சரி பண்ணின மனுஷன் நீங்க. முள்ளு ஒரு இழை சாய்ஞ்சா விடமாட்டீங்க. ரெண்டு பையைச் சமமாக் கட்டத் தெரியலைன்னா யாராவது நம்புவாங்களா?"

தராசுக்காரர் தலைகுனிந்தார்.

முன் பையில், துண்டில் சுற்றிய ஒரு காலிப் பாட்டில் இருந்தது.

"இது எதுக்கு?"

"வீட்டுக்காரி கடல் தண்ணி பிடிச்சுட்டு வரச் சொன்னா. அவளும் பார்த்ததில்லை."

கேரியரின் இடது பக்கம், பையின் உச்சியில், மழைக்கோட்டுக்குள் ஏதோ கனத்தது. நேற்று கட்டும்போது அது இல்லை. பிரித்தார்.

இஸ்திரிப் பெட்டி. பழைய இரும்புப் பெட்டி, ஒரு கையால் தூக்க முடியவில்லை.

டெய்லர் விழுந்து விழுந்து சிரித்தார். "கடலைப் பார்க்கப் போறவரு சட்டை கசங்கக் கூடாதாம்!"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் கடைப் போன் அடித்தது. தராசுக்காரரின் மனைவி. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள்.

"அண்ணா, அவர் அங்க வந்திருக்காரா?"

"வந்திருக்காரும்மா."

"இந்தத் தடவையாவது சரி பண்ணி அனுப்பிடுங்கண்ணா. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கடல் கடல்னு ஏங்கின மனுஷன். ரெண்டு பேருமாத்தான் போறதா இருந்தோம். எனக்கு முடியாமப் போனதும் அந்தப் பேச்சையே விட்டுட்டாரு. நான்தான் பிடிவாதம் பிடிச்சு அனுப்பறேன். என் தங்கச்சி வந்து கூட இருக்கா. அவராவது பார்த்துட்டு வரட்டும்."

மெக்கானிக் போனைக் கையால் பொத்திக்கொண்டார். இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தார். தராசுக்காரரைப் பார்த்தார்.

"வேணும்னேதானே சார்?" குரல் இறங்கியிருந்தது.

தராசுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"போகணும்னு ஆசை இல்லாம இல்லை. பாலத்து மேல ஏறினதும் காத்து மூஞ்சியில அடிக்கும் பாருங்க, அப்பவே கடல் வந்துட்ட மாதிரி இருக்கும். ஆனா அதைத் தாண்டினா மனசு உதறுது. மாட்டேன்னு வீட்டுல சொன்னா, 'என்னாலதானே'ன்னு அழுவா. வண்டி மேல பழியைப் போட்டா அழமாட்டா."

"போயிட்டு வர இருபது நாள்தானே சார்..."

"வந்து சொன்னா கேக்கறதுக்கு அவ இருக்கணுமே. கடல் எங்க போயிடப் போகுது?"

எதிர்க்கடையில் டெய்லர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் எதிர்க்கடையை ஒரு தடவை பார்த்தார். பிறகு பொத்திய கையை எடுத்தார். தெருவே கேட்கிற மாதிரி சொன்னார்.

"இல்லைம்மா. இந்த வண்டி என் கைக்கு அடங்கலை. எனக்குத் தெரிஞ்ச தொழில் அவ்வளவுதான். இந்தச் சுமையோட இது எங்கயும் போகாது. அவரை வீட்டுக்கே அனுப்பி வைக்கிறேன்."

டெய்லர் வாயைப் பிளந்தார். நாளைக்குக் கடைத்தெரு முழுக்க இதுதான் பேச்சு. பேசட்டும்.



"சரிண்ணா," என்றாள் அவள் போனில், மூச்சு வாங்கியபடி. அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "அந்த இஸ்திரிப் பெட்டியை மட்டும் நடுவுல, தாழ வச்சுக் கட்டி அனுப்புங்க. அவர் ஆடாம நேரா வீடு வந்து சேரட்டும்."