எடைக்குப் போன குடம்

“எடைக்குப் போட்டுட்டாடி! என் செம்புக் குடத்தைக் கொண்டுபோய்ப் பழைய பாத்திரக் கடையில எடைக்குப் போட்டுட்டா உன் தம்பி பொண்டாட்டி!”

மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“உள்ள வரவிடும்மா. எந்தக் குடம்?”

“எந்தக் குடமா? உன் தம்பி பால் மறந்த நாள்லேர்ந்து அதுல ராத்திரி பூரா வெச்ச தண்ணியைத்தானே விடிஞ்சதும் குடிக்கிறான்! கிருமி அண்டாது, வயித்துக்கும் நல்லது. குடம் மட்டுமா? சொம்பு, டம்ளர் ஒண்ணு விடலை. மொத்தமா வழிச்சுக்கிட்டுப் போயிட்டா. இப்ப வீடு பூரா எவர்சில்வர்.”

மகளுக்கும் சுருக்கென்றது. எலுமிச்சைத் தோலும் உப்பும் போட்டு அந்தக் குடத்தைத் தேய்த்துத் தேய்த்து ஒரு காலத்தில் அவள் நகக்கண்ணெல்லாம் பச்சையேறிக் கிடந்திருக்கிறது. கல்யாணமாகிப் போகும்போது ஆசையாய்க் கேட்டாள். ‘தம்பி தண்ணி குடிக்கிற குடம், அதைக் கேக்காதே’ என்று அம்மா கையை விரித்துவிட்டாள். பெற்ற மகளுக்கே கிடைக்காத குடம் பழைய பாத்திரக்காரனுக்கா?

“தேய்க்கச் சோம்பலா இருந்திருக்கும்.”

“தேய்க்கிறது நான்தானேடி! அவ விரல்கூட வெச்சதில்லை. அதோட விட்டாளா? முந்திரி கூடாது, நிலக்கடலை கூடாது, சாக்லேட் கூடாது. புருஷன் வாயைக் கட்டிப் போட்டுட்டா. பிள்ளை துரும்பா இளைச்சுட்டான். கை நடுங்குது. டம்ளரைப் பிடிச்சா பாதி சட்டையில சிந்துது. உடம்பு தேறட்டும்னு தினம் ரெண்டு டம்ளரா ஊத்திக் கொடுத்தேன். அது அவளுக்குப் பொறுக்கலை. மறுநாளே குடத்தைக் காணோம்.”

“தம்பி என்ன சொல்றான்?”

“அவன் என்னத்தைச் சொல்வான்? தலையைக் குனிஞ்சுக்கறான். நீ இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு கேட்டுச் சொல்லு. குடம் திரும்பி வரணும். இல்லேன்னா நான் உன்னோட கிளம்பறேன். அவ மூஞ்சியில முழிச்சுக்கிட்டு இந்த வீட்ல இருக்க என்னால ஆகாது.”

துணிமணி திணித்த பை ஏற்கெனவே வாசற்கதவோரம் தயாராக இருந்தது.

மகள் விறுவிறுவென்று சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள். தம்பி மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“யாரைக் கேட்டு வித்தே?”

“யாரையும் கேக்கலை அண்ணி.” நிமிராமலே பதில் வந்தது.

“எங்கம்மா பொருள்ல கை வைக்க நீ யாரு? பிள்ளைக்கு ஒரு வாய் நல்ல தண்ணி கொடுக்கறதுகூட உன் கண்ணை உறுத்துதா?”

கத்தி நின்றது. தம்பி மனைவி கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அவர் உடம்புல செம்பு சேருது அண்ணி.”

“என்னது?”

“சாப்பாட்டுல இருக்கற செம்புல உடம்புக்கு வேண்டியது போக மிச்சம் நமக்கெல்லாம் தானா வெளியே போயிடும். அவருக்குப் போகாதாம். பிறவியிலேயே அப்படி. ஈரல்ல, மூளையில, கண்ணுலகூடப் போய்ப் படியுது. அதான் கை நடுங்குது. மாத்திரையை விடாமச் சாப்பிட்டா தேறிடலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கலாமாம். நீங்களும் ஒரு தடவை ரத்தம் பார்த்துக்குங்க.”

மகளுக்குச் சட்டென்று நினைவு வந்தது. போன தடவை ஜன்னலோரம் உட்கார்ந்து தம்பியோடு பேசியபோது, அவன் கருவிழியைச் சுற்றிச் செம்புக் கம்பி கட்டினாற்போல் ஒரு வளையம் தெரிந்தது. வெயில் படுகிறது என்று நினைத்துவிட்டாள்.

“இதை அம்மாகிட்ட சொல்லித் தொலைச்சிருக்கலாமே! உன்னை என்னென்ன பேச்சுப் பேசறாங்க!”

“சொல்லத்தான் போனேன். ‘என் கையால குடிச்சா தேறிடுவான்’னு ரெண்டாவது டம்ளரை ஊத்திக்கிட்டு நின்னாங்க. வாய் வரலை.” அவள் கதவைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். “இது தண்ணியால வந்த நோவு இல்லைன்னு டாக்டர் சொல்றார். ஆனா இனிமே செம்புத் தண்ணி உள்ள போகவே கூடாதுன்னும் சொல்றார். இந்த ரெண்டுல அத்தை காதுல எது விழும், சொல்லுங்க? பச்சைப் பிள்ளையிலேர்ந்து என் கையாலயே ஊத்தினேனேன்னு உடைஞ்சு போயிடுவாங்க.”



வெளியே காலடிச் சத்தம். கதவடியில் ஒரு நிழல் வந்து நின்றது.

தம்பி மனைவி புறங்கையால் கண்ணை ஒற்றிக்கொண்டு, மறுபடி கத்தியை எடுத்தாள்.

“அத்தை வந்துட்டாங்க அண்ணி,” என்று கிசுகிசுத்தாள். “என்னைக் கொஞ்சம் சத்தமாத் திட்டுங்க.”