நாரை வரும் மரம்

"நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. எங்க ஆபீஸ்ல ஒருத்தருக்கும் இந்த அரபி எழுத்து தெரியலை" என்று மனுவை நீட்டினார் காட்டிலாகா கார்டு அருமைநாயகம்.

மூஸா நெய்னாவுக்கு எரிச்சல் பொங்கியது. நாரைகள் கூடு கட்டும் இடமென்று சர்க்கார் காவலில் இருந்த உடைமரத் தோப்பு. அதற்குள் அவருடைய மனை. ரங்கூனில் குண்டு விழுந்த வருஷத்திலிருந்து நாரைகள் வரவில்லை. அதைச் சொல்லி, நடையாய் நடந்து, போன வாரம்தான் மரம் வெட்ட உத்தரவு வாங்கியிருந்தார். அதற்குள் ஆபீசுக்கு இப்படியொரு மனு.

காயல்பட்டினத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்தால்தான் நிக்காஹ். மகள் சக்கீனாவுக்கு மாப்பிள்ளையும் பேசி முடித்தாயிற்று.

"எவனோ வயிறெரிஞ்சவன் எழுதியிருக்கான்" என்றபடி பிரித்தார். எழுத்துதான் அரபி, பேச்சு தமிழ்.

'மரங்களை வெட்டாதீர்கள். வெட்டினால் வீடு எழும்பிவிடும். வீடு எழும்பினால் எனக்கு நிக்காஹ். நாரைகள் திரும்பி வரும். ரங்கூன் போன ஹாமிது மச்சானும் வருவார்.'

கீழே பெயர் இல்லை. அந்த எழுத்தை மகளுக்குக் கைபிடித்துப் பழக்கியவரே அவர்தான்.

"என்ன அண்ணாச்சி எழுதியிருக்கு?"

"நாரை வரும்னு எழுதியிருக்கு."

"மூணு வருசமா ஒண்ணுகூட வரலையே!"

மூஸா நெய்னா மனுவை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மரம் வெட்டும் உத்தரவை எடுத்துக் கார்டின் கையில் கொடுத்தார்.

"வரும். அது வார வரைக்கும் மரம் அங்கனயே நிக்கட்டும்."