கணக்கில் சேராத ஆள்

“வேலை இல்லலா. தேடவும் இல்ல.”

ஞாயிற்றுக்கிழமை. கிள்ளான் அடுக்குமாடியின் நான்காவது மாடியில், பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்த யுவராஜ் கொட்டாவியோடு சொன்னார்.

கல்லூரிப் பாடத்துக்காக, வேலையின்மை பற்றி வீடு வீடாகக் கணக்கெடுத்து வந்த ஸ்ருதிக்குச் சுருக்கென்றது. நாற்பது வயது, ஆள் கல் தூண் மாதிரி இருக்கிறார்!

“அவன் பொண்டாட்டி ஃபேக்டரியில மாடா உழைக்குது,” என்றார் எதிர்வீட்டு தம்புசாமி. “இவன் ஓட்டிக்கிட்டிருந்த லோரியையும் விட்டுட்டு வீட்ல கெடக்கான். சோம்பேறி!”

வேலை பார்ப்பவரும் தேடுபவரும்தான் கணக்கு; தேடாதவர் அதில் சேரமாட்டார். ஸ்ருதி அவரை விட்டுவிட்டாள்.

மறுநாள் கல்லூரியில் தோழி தாமரை சொன்னாள்: “வேலை கிடைக்காதவங்கள்ல ஆம்பளைங்கதான் கூட. முடிஞ்சதுலா!”

“அப்படிப் பார்க்கக்கூடாதுடி. வேலைக்கு வர்ற பொம்பளைங்களே கம்மி. ஒருத்தர் பொம்பளைன்னு தெரிஞ்சா, அவங்களுக்கு வேலை இல்லாம இருக்க எவ்வளவு வாய்ப்பு? கேள்வியே அதுதான்.”

ஸ்ருதி கணக்கை ஆண், பெண் என்று பிரித்துப் போட்டாள். ஆண்களில் பத்துக்கு ஒருவருக்கு வேலை இல்லை. பெண்களிலோ ஐந்துக்கு ஒருவருக்கு.

நான்காவது மாடி மட்டும் உதைத்தது. வேலை கிடைக்காத பெண் அங்கே ஒருத்திகூட இல்லை!

தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று புதன்கிழமை திரும்பப் போனாள்.

படியேறும்போதே கூச்சல். யுவராஜின் வீடு முழுக்க வாண்டுகள். தோளில் ஒன்று தொங்க, இன்னொன்றுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

ஷிஃப்ட் முடிந்து வந்த பக்கத்து வீட்டு மலர், அங்கிருந்து தன் மகளைத் தூக்கிக்கொண்டாள்.

“அக்கா, இதெல்லாம் யார் பிள்ளைங்க?”

“இந்த மாடிப் பிள்ளைங்கதாம்மா. அந்தத் தோள்ல தொங்குறது தம்புசாமி அங்கிளோட பேரன்.”

ஸ்ருதி எதிர்வீட்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

“புள்ளைக்குக் காய்ச்சல்னு அடிக்கடி லீவு போட்டதுல, யுவராஜ் அண்ணன் சம்சாரத்துக்கு மொதல்ல பாத்த வேலை போச்சு. அது அழுததைப் பாத்துட்டு, அண்ணன் லோரிச் சாவியைக் கொடுத்துட்டு வந்துட்டாரு. ‘நீ வேற வேலை தேடு, புள்ளைய நான் பாத்துக்கறேன்’னாரு. அப்புறம் எங்க பிள்ளைங்களும் ஒண்ணொண்ணா வந்து சேந்துக்கிச்சு.”

“அவரை நான் கணக்குலயே சேர்க்கலக்கா.” ஸ்ருதி கையிலிருந்த தாளைப் பார்த்தாள்.

மலர் சிரித்தாள்.

“பரவால்லம்மா. அந்த மனுஷன் கணக்குக்கு வெளிய நின்னு பிள்ளைங்கள பாத்துக்கிட்டதாலதானே, நாங்க எல்லாரும் உன் கணக்குக்குள்ள வந்தோம்!”