பாதுஷா முகம்

ரங்கூன் முகல் தெருவில் அப்துல் பாரியின் தேத்தண்ணிக் கடைக்குப் 'புளுகுக் கடை' என்றுதான் பெயர்.

காரணம், கல்லாவுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த சுண்ணாம்பு முகம்.

"டில்லி பாதுஷா! வெள்ளைக்காரன் கப்பல் ஏத்தி இந்த ரங்கூனுக்குக் கொண்டாந்து சிறை வச்சானே, அவருதான். மௌத்தாகி அடக்கம் பண்ணின அன்னைக்குக் கபுறு கட்டப் போன கொத்தனாரு எங்க வாப்பா. யாருக்கும் தெரியாம முகத்துல அச்சு எடுத்துட்டாரு."

தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே தினமும் சொல்லுவார்.

"ஏன் பாய், போன வாரம் மூக்கு இவ்வளவு நீளமில்லையே?" என்பார் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி செல்லையா. கடையே சிரிக்கும். பாரிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒருநாள் செல்லையா நிஜமாகவே ஒரு துரையைக் கூட்டிவந்துவிட்டார். லண்டன் காட்சிசாலைக்காரராம். துரை அந்த முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார்.

"நெசமா இருக்கலாம்ங்கறாரு, பாய்!" செல்லையாவுக்கே நம்ப முடியவில்லை. "நீங்க குர்ஆன் மேல சத்தியம் பண்ணினா போதுமாம். அடுத்த கப்பல்ல லண்டன். கண்ணாடிப் பெட்டி. அடியில உங்க வாப்பா பேரு!"

தெருவே கடைக்குள் நுழைந்துவிட்டது. பாரியின் முகம் வெளுத்தது.

"என்ன பாய், சத்தியம்னதும் நாக்கு ஒட்டிக்கிச்சா?" என்றார் செல்லையா.

"நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

"அப்ப இத்தனை வருஷமா விட்டதெல்லாம் கதைதானே?"

பாரி துரையின் கையிலிருந்து முகத்தை வாங்கிக்கொண்டார். துரை தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அன்று சிரித்த சிரிப்பு அடுத்த தெரு வரைக்கும் கேட்டது.

கூட்டம் கலைந்ததும் மனைவி நபீஸா உள்ளேயிருந்து வந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"உங்க வாப்பா மௌத்தாகும்போதுகூட அது பாதுஷா முகம்தான்னு சொல்லிட்டுத்தானே போனாங்க? நெசத்தைச் சத்தியம் பண்றதுல என்னங்க பயம்? நம்ம மானமே போயிருச்சே!"

பாரி அந்த முகத்தைத் துண்டால் துடைத்து ஆணியில் மாட்டினார். நெஞ்சு நிமிர்ந்தது.

"அந்த மனுசரை வெள்ளைக்காரன் ஒரு தடவை கப்பல் ஏத்தினது போதும், நபீஸா. ரெண்டாந் தடவை ஏத்துறதுக்கு எங்கிட்டயா சத்தியம் கேக்குறான்?"