கறுப்புக் கண்ணாடி போட்ட விளக்கு

2024 மார்ச் 9, சனிக்கிழமை காலை, மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள மல்கமின் ஸ்டூடியோவில், கண்காட்சிக்கு வைக்கப்போகும் படத்துக்காக நிருஷா கறுப்புச் சேலையில் அமர்ந்திருக்கிறாள். மல்கம் பிளாஷ் விளக்கின் முகத்தை, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (இன்ஃப்ராரெட்) ஒளியை மட்டும் வெளியே விடும் கறுப்புக் கண்ணாடியால் மூடிச் சோதிக்கிறார். ‘டப்’ என்று சத்தம் கேட்கிறது, வெளிச்சம் வரவில்லை. நிருஷா முந்தானையை இழுத்துப் போர்த்துகிறாள். “இந்த இன்ஃப்ராரெட் பிலிமுக்கு உடுப்புக்குள்ளால எல்லாம் தெரியுமாமே, அங்கிள்?” “ஆர் சொன்ன, மகள்? கறுப்புத் துணி வெள்ளையா விழும், அவ்வளவுதான்.” “அப்ப முதல்ல நீங்க இரிங்க. கேமரா பட்டனை நான் அமத்துறன். பிலிமைக் கழுவிக் காட்டுங்க, மறுகா பாப்பம்.” மல்கம் சிரிக்கிறார், அவள் சிரிக்கவில்லை. அவர் கதிரையில் போய் இருந்து, கறுப்புச் சட்டையின் மேல்பொத்தானைப் பூட்டுகிறார்.

பிற்பகல் கழுவிய படத்தில் அவருடைய சட்டை வெள்ளையாக இருக்கிறது, உடம்பு தெரியவில்லை. நிருஷா படமெடுக்க அமர்கிறாள், போர்த்திய முந்தானையை எடுக்காமல்.