ஏழாம் தட்டு

"அரிசி கழுவத் தெரிஞ்சவங்க எல்லாம் சுஷிக் கடை வெச்சுட முடியுமா, ஹிசயோ சான்?"

தெராகவா கேட்டதும் கொட்டகையே சிரித்தது. ஹிசயோ நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முடியாதுதான். ஆனா அரிசியில கல் கிடந்தா அவங்களுக்குத்தானே முதல்ல தெரியும்?"

இப்போது சிரிப்பு அவள் பக்கம் சாய்ந்தது. தெராகவா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

ஜப்பானின் வட கோடியில் உள்ள ரிஷிரித் தீவில் கடல் முள்ளெலிப் பருவம் ஜூனில் தொடங்கி ஆகஸ்ட்டோடு முடிந்துவிடும். முள் நிறைந்த அதன் ஓட்டை உடைத்து, உள்ளே இருக்கும் ஐந்து மஞ்சள் சுளைகளை இடுக்கியால் எடுத்து, மரத்தட்டில் வரிசை பிசகாமல் அடுக்குவது பெண்கள் வேலை. அடுக்கிய தட்டைப் பார்த்து, எந்தத் தரம் என்று முத்திரை குத்துவது ஆண்கள் வேலை. அப்படி எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. இந்த வருஷம்தான் முத்திரை வேலைக்குத் தேர்வு வைத்தார்கள். தெராகவாவோடு ஹிசயோவும் பெயர் கொடுத்துவிட்டாள்.

அவளுக்குப் பதவி ஆசை ஒன்றும் இல்லை. அடுக்குகிற வேலை முடிந்ததும் ஒவ்வொரு குளிர்காலமும் சப்போரோவுக்குப் போய் ஓட்டலில் பாத்திரம் கழுவ வேண்டும். ஆறு வயது மகள் கோஹாரு வசந்தம் வரும்வரை அம்மாவைப் போனில்தான் பார்ப்பாள். தரம் பார்ப்பவருக்கோ குளிரிலும் காய்ந்த கடற்பாசியைத் தரம் பிரிக்கும் வேலை உண்டு. தீவை விட்டு நகர வேண்டாம்.

"இந்தத் தடவை பனி பொம்மை செய்யறப்ப நீ இருப்பியாம்மா?" என்று காலையில்கூடக் கேட்டிருந்தாள் குழந்தை.

"பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

அன்று காலையில் அடுக்கிய தட்டுகளில் பத்தை எடுத்து மேசையில் வைத்திருந்தார் கொட்டகைத் தலைவர் இவாபுச்சி. பக்கத்தில் சந்தையிலிருந்து வந்த இரண்டு பேர்.

"பார்க்கலாம், முகரலாம். சுளையைத் தொடக் கூடாது, தட்டைத் தூக்கக் கூடாது. நாங்க மூணு பேரும் ஏற்கெனவே தரம் போட்டு வெச்சிருக்கோம். யாரோடது அதிகமா ஒத்துப்போகுதோ அவங்களுக்கு முத்திரை."

தெராகவா ஒவ்வொரு தட்டிலும் மூக்கை இறக்கி, கண்ணை மூடி, கோயிலில் வேண்டுகிறவர் மாதிரி நின்றார். ஹிசயோ மளமளவென்று எழுதிக்கொண்டே போனாள். ஏழாம் தட்டில் மட்டும் நின்றுவிட்டாள். எழுதினாள், அடித்தாள், மறுபடி எழுதினாள்.

இவாபுச்சி தாள்களைப் பார்த்தார்.

"தெராகவா, பத்துக்குப் பத்து. ஹிசயோ சான், பத்துக்கு ஒன்பது."

இவாபுச்சி அவள் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"அந்த ஏழாம் தட்டு... நாங்க மூணு பேரும் சிறப்புத் தரம் போட்டிருக்கோம். நீங்க மூணாம் தரம்னு எழுதியிருக்கீங்க. கை தவறிடுச்சா?"

"இல்ல தலைவரே. தெரிஞ்சுதான் எழுதினேன்."

"அக்காவுக்குக் கண்ணாடி வாங்கிக் குடுங்கப்பா!" என்றார் தெராகவா.

இவாபுச்சி சிரிக்கவில்லை. "நிறம் ஒரே சீரா இருக்கு. பளபளப்பு இருக்கு. ஓரம் கரையலை. இதுல என்ன குறை கண்டீங்க?"

"மேல ஒரு குறையும் இல்ல. மூணாவது வரிசைக்கு அடியில பாருங்க."

அரைமனதோடு ஓர் இடுக்கியை எடுத்து மூன்றாவது வரிசையைத் தூக்கினார் இவாபுச்சி. அடியில் உடைந்த சுளைகள் மூன்று, குழைந்து நீர் விட்டுக் கிடந்தன. அந்த நீர் பட்டால் நல்ல சுளையும் சேர்ந்து குழையும். டோக்கியோ போய்ச் சேருவதற்குள் தட்டே வீணாகியிருக்கும்.

"இது கண்ணா, எக்ஸ்ரே மெஷினா?" என்று வாயைப் பிளந்தார் சந்தைக்காரர் ஒருவர்.

"அப்ப தப்பு எங்க மூணு பேர் மேலதான்" என்றார் இவாபுச்சி. "தெராகவா, அதுல உனக்கும் பங்கு உண்டு. பத்துக்குப் பத்து ஹிசயோ சானுக்குத்தான்."

பெண்கள் கை தட்டினார்கள். ஹிசயோ மட்டும் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

தலைவருக்கு அதற்குள் கோபம் தலைக்கேறியிருந்தது. "சந்தையில இதைப் பிரிச்சிருந்தா தீவோட மானமே கப்பலேறியிருக்கும்! இதை அடுக்கினது யாரா இருந்தாலும் சரி, நாளையிலிருந்து இந்தக் கொட்டகையில அவ இடுக்கியைத் தொடக் கூடாது!"

கைதட்டல் நின்றது. அடுக்கியவர் பெயர்ச்சீட்டு தட்டின் அடியில்தான் ஒட்டியிருக்கும். பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவாபுச்சி தட்டைத் தூக்கி அடியில் பார்த்தார். சீட்டைப் படித்துவிட்டு ஹிசயோ பக்கம் திரும்பினார்.

"தேர்வுப் பட்டியல்ல என் பேரைப் பார்த்ததும் கை நடுங்கிடுச்சு, தலைவரே" என்றாள் ஹிசயோ. "மூணு சுளை உடைஞ்சுபோச்சு. வெட்கமா இருந்துது, அடியில தள்ளிட்டேன். என் அடுக்கைப் பார்த்தாலே எனக்குத் தெரியாதா?"

தன் இடுக்கியை எடுத்து மேசையில் வைத்தாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

இவாபுச்சி அந்த இடுக்கியை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சொன்னா சொன்னதுதான். நாளையிலிருந்து நீங்க இதைத் தொடக் கூடாது" என்றவர், முத்திரைக் கட்டையை எடுத்து அவள் கையில் வைத்தார். "மூணாம் தரம்னு சொன்னீங்களே, ஏழாம் தட்டுல முதல்ல அதைக் குத்துங்க."